ஏற்கெனவே உள்ளே

காலை ஏழே முக்கால்.
ரெய்க்யவிக்கில் மழை, பனியாவதா வேண்டாமா என்று
இன்னும் முடிவெடுக்கவில்லை.
இசாஃப்யோர்துர் மீன் ஆலையிலிருந்து ஓர்லிகுர் கூப்பிடுகிறார்:
"ஹால்பெரா, இது என் மேசை இல்லை."

சரியாகத்தான் சொல்கிறார்.
சர்வர் அவரை உள்ளே விட்டிருக்கிறது,
தற்காலிகமானவராக.
வெறும் நீலப் பின்னணி. காலியாக ஒரு குப்பைத்தொட்டி.
காட் மீன் எடைச் சீட்டுகள் இல்லை,
வலது ஓரத்தில் ஒட்டிவைத்த மஞ்சள் குறிப்புகள் இல்லை,
ஐந்து வருடமாகப் பின்னணியில் நின்ற
சிவப்புப் படகும் இல்லை.
மூலையில் ஓர் அறிவிப்பு மட்டும்:
இங்கே நீங்கள் செய்வதெல்லாம்
வெளியேறும்போது அழிந்துவிடும்.

"அது எல்லோருக்கும்தானே" என்கிறார்.
சிரிக்கவில்லை.

வெளியேறச் சொல்கிறேன். திரும்ப நுழையச் சொல்கிறேன்.
அதே நீலம்.
பாஸ்வேர்டில் பழுதில்லை. வட்டில் இடமிருக்கிறது.
பதிவேட்டில் அவர் பெயரில் இரண்டு வரிகள்,
ஒன்றுக்கு மட்டும் புள்ளி வைத்து ஒரு வால்.
நிகழ்வுக் குறிப்பில் சலிப்பான ஒரு வாக்கியம்:
கோப்பைத் திறக்க முடியவில்லை,
வேறு யாரோ வைத்திருக்கிறார்கள்.

மூன்று சர்வர்கள், முப்பத்தெட்டுப் பேர்.
முதலாவதில் தேடினேன்.
இரண்டாவதில் யாரோ ஒருவர் பனிச்சறுக்குக் காலணி
விலை பார்த்துக்கொண்டிருந்தார், அது என் வேலையில்லை.
மூன்றாவதில், துண்டிக்கப்பட்டவர்களின் பட்டியலில், கடைசியில்,
ஓர்லிகுர்.
இருபத்து மூன்று நாட்களாக.

"உங்களைப் பூட்டி வைத்திருப்பது நீங்கள்தான்."

போனில் ஃபோர்க்லிஃப்ட் பின்வாங்கும் பீப்.
கடற்புறாக்கள்.
"அன்றைக்குப் பனிச்சரிவில் மின்கம்பம் சாய்ந்தது" என்கிறார்,
"இருட்டில் அப்படியே எழுந்து போனேன்.
மறுநாளிலிருந்து விடுப்பு."
ஏன் விடுப்பு என்று கேட்கவில்லை.
என் படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

நான்கு மணி நேரத்தில் தானாக முடிந்திருக்க வேண்டும்.
அந்த விதியை எழுதியவளே நான்.
ஆனால் உள்ளே வேர்டு திறந்திருக்கிறது,
பெயரிடாத ஓர் ஆவணம்,
'சேமிக்கட்டுமா?' என்று கேட்டபடி
இருட்டில் நின்றுகொண்டிருக்கிறது போலும்.
எட்டிப் பார்க்க முயன்றேன். சர்வர் மறுத்தது:
அங்கே இருப்பவர் சம்மதிக்க வேண்டுமாம்.
அங்கே இருப்பவர்
இங்கே என் காதோரம் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறார்.

"சேமிக்காத ஏதோ இருக்கிறது. மூடினால் போய்விடலாம்."

"பாதிக் கடிதம்" என்கிறார். "மூடிவிடு."
பிறகு, "இல்லை, பொறு."

பொறுத்தேன்.
வரிசையில் நான்கு பேர் காத்திருப்பதாகச்
சிவப்பு விளக்கு எண்ணிக்கொண்டிருந்தது.
நான் விசைப்பலகையிலிருந்து ரொட்டித் துகள்களை ஊதினேன்.

"இன்று மதியம் சூரியன் வரும்" என்றார் ஓர்லிகுர்.
"இரண்டு மாதம் மலைக்குப் பின்னால் இருந்துவிட்டு
எங்கள் தெருவுக்கு இன்றைக்குத்தான் வருகிறது.
கேன்டீனில் அப்பம் சுடுகிறார்கள்.
அதற்குள் எடைச் சீட்டை அனுப்பியாக வேண்டும். மூடிவிடு."

செஷன் எண் பதினேழு.
ஒரு கட்டளை. அந்தப் பக்கம் எதிர்ப்பில்லை.
பூட்டு விட்டது. போலி வரியை அழித்தேன்,
மிச்சமிருந்ததன் வாலை நறுக்கினேன்.
"இப்போது வாருங்கள்."

"படகு வந்துவிட்டது" என்றார்.
குறிப்புகள் ஒவ்வொன்றாய் ஒட்டிக்கொள்வதை
அவர் முனகலில் கேட்டேன்.
பிறகு, குரலைத் தாழ்த்தி,
"இடப்பக்கம் ஏதோ கேட்கிறது."

"மீட்கப்பட்ட கோப்பு. தானாகச் சேமித்திருக்கிறது.
வைத்துக்கொள்ளலாம். வேண்டாமென்றும் சொல்லலாம்."

நன்றி சொல்லி வைத்துவிட்டார்.
எதை அழுத்தினார் என்று எந்தப் பதிவிலும் வராது,
தேடவும் இல்லை.

படிவத்தில் எழுதினேன்.
காரணம்: பயனர் ஏற்கெனவே உள்ளே இருந்தார்.
தீர்வு: வெளியேற்றப்பட்டார்.

அடுத்த அழைப்பு, பிரிண்டர்.